கவலை ஈமானின் குறையா?

கடற்கரையோர ஊர் ஒன்றின் பள்ளிவாசல். ளுஹர்த் தொழுகை முடிந்து மக்கள் கலைந்து சென்றுவிட்டனர். மோதினார் மின்விசிறிகளை ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டு வருகிறார். ஒரு விசிறியை மட்டும் நிறுத்தாமல் விட்டுச் செல்கிறார். அதன் கீழே, தூணில் சாய்ந்தவாறு ஒருவர் அமர்ந்திருக்கிறார். அஸர் வரையில் அவர் அங்கேயே இருப்பார். அஸர் தொழுதபின் மஃரிப் வரையிலும் இருப்பார். "26 ஆண்டுகள் சபுரில் பாடுபட்டவர், இப்போது நிம்மதியாக இபாதத்தில் மூழ்கிவிட்டார்" என்று ஊரார் மெச்சிப் பேசுகின்றனர்.

அவர் நிம்மதியாக இல்லை என்பது ஊராருக்குத் தெரியாது.

வளைகுடா நாடொன்றில் பண்டகசாலைக் கணக்கராக வேலை பார்த்தவர் அவர். வேலை முடிந்து, கணக்குத் தீர்த்து, பெட்டி கட்டிக்கொண்டு ஊர் திரும்பி ஓராண்டு ஆகிறது. அவர் அனுப்பிய பணத்தில் எழுந்த வீடுதான். ஆயினும் இரண்டாண்டுக்கு ஒருமுறை வந்து இரு மாதங்கள் தங்கிச் சென்ற வீடு. எந்த விளக்குக்கு எந்தப் பொத்தான் என்பதை இன்னமும் அவர் கேட்டுத்தான் அறிய வேண்டியிருக்கிறது. பிள்ளைகள் வாப்பாவைக் கண்டால் மரியாதையோடு எழுந்து நிற்கின்றனர். அருகில் அமர்ந்து பேசுவதில்லை. நள்ளிரவில் அவருக்கு விழிப்பு வந்துவிடும். எழுந்து சென்று வாசற்கதவின் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்ப்பார். திரும்பி வந்து படுப்பார். மீண்டும் எழுந்து சென்று பார்ப்பார். அலமாரியைத் திறந்து வீட்டுப் பத்திரத்தையும் வங்கிப் புத்தகத்தையும் எடுத்து வைத்துக்கொண்டு, மகளின் நிக்காஹ் செலவையும் மகனின் படிப்புச் செலவையும் கூட்டிக் கழித்துப் பார்ப்பார். நெஞ்சு படபடக்கும். இதய மருத்துவரிடம் சென்று சோதித்துக்கொண்டார். இதயத்தில் யாதொரு குறையும் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

ஒருநாள் அவர் என்னிடம் மனம் திறந்தார். "ஐவேளையும் ஜமாஅத்துடன் தொழுகிறேன்; திக்ரும் செய்கிறேன். தொழுகிறவனுக்கு மனஅமைதி உண்டாக வேண்டாமா? எனக்கு உண்டாகவில்லையே! அப்படியானால் என் ஈமானில்தான் குறையோ என்று அஞ்சுகிறேன். இதை நான் யாரிடம் சொல்வது?"

இருந்த கவலை போதாதென்று, கவலைப்படுகிறோமே என்னும் கவலையும் அவரைப் பற்றிக்கொண்டுவிட்டது!

இக்கேள்வி அவர் ஒருவருடையதன்று. மணமுடித்து வேற்றூர் செல்லும் பெண்ணும், கணவரை இழந்து இத்தா முடித்து வெளியே வரும் சகோதரியும், தொழில் நொடித்துப்போய்ப் புதிய பிழைப்புத் தேடும் குடும்பத் தலைவரும் இதே கேள்வியை நெஞ்சுக்குள் புதைத்துக்கொண்டு நடமாடுகின்றனர். வாழ்க்கை தலைகீழாய்த் திரும்பும்போது உள்ளம் கலங்குவது ஈமானின் குறைதானா? இதற்கு விடையை நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்விலும் அவர்தம் அருமைத் தோழர்களின் வாழ்விலுமே நாம் காணலாம்.

கதீஜா நாயகி செய்தது என்ன?

கி.பி. 610ஆம் ஆண்டு. நாற்பது வயதை எய்திய அண்ணலார் (ஸல்) அவர்களுக்கு ஹிரா குகையில் முதல் வஹீ அருளப்பட்டது. ஒரு மனிதரின் வாழ்வில் இதைவிடப் பெரிய மாறுதல் நிகழ்ந்ததில்லை. குகையிலிருந்து இல்லம் திரும்பியபோது அவர்களுடைய நெஞ்சம் நடுங்கிக்கொண்டிருந்தது. தம்மைப் போர்த்திவிடுமாறு வேண்டினார்கள். நடுக்கம் தணிந்ததும், நடந்ததை எல்லாம் துணைவியாரிடம் எடுத்துரைத்து, தமக்கு என்ன நேருமோ என்று அஞ்சுவதாகவும் ஒளிவுமறைவின்றிக் கூறினார்கள். ஸஹீஹுல் புகாரியின் தொடக்கப் பகுதியிலேயே இச்செய்தி இடம்பெற்றுள்ளது.

அன்னை கதீஜா (ரலி) அவர்கள் செய்தவற்றை வரிசையாகக் கவனியுங்கள். முதலில் போர்த்திவிட்டார்கள், நடுங்கும் உடலுக்கு வேண்டியதைச் செய்தார்கள். பிறகு, சொன்னதை எல்லாம் கேட்டார்கள். "ஆண்மகன் அஞ்சலாமா?" என்று ஒரு சொல்லும் சொல்லவில்லை. உறவினரை ஆதரித்தது, பிறர் சுமையைத் தாங்கியது, விருந்தினரை உபசரித்தது ஆகிய நற்செயல்களை நினைவூட்டி, இத்தகையவரை இறைவன் ஒருபோதும் கைவிடமாட்டான் என்று தேற்றினார்கள். அத்துடன் நிறுத்திக்கொள்ளவும் இல்லை. இத்துறையில் அறிவு மிக்கவரான வரக்கா பின் நவ்ஃபல் என்ற முதியவரிடம் தாமே அழைத்துச் சென்றார்கள்.

உடலைக் கவனித்தல், செவிசாய்த்தல், தேற்றுதல், அறிந்தவரிடம் அழைத்துச் செல்லுதல்: கலக்கத்தில் இருப்பவருக்கு ஒரு குடும்பம் செய்யவேண்டிய நான்கும் இதனுள் அடங்கிவிட்டன. படைப்பினங்களில் மேலான நாயகம் (ஸல்) அவர்களே தம் அச்சத்தை மனைவியிடம் சொன்னார்கள் என்றால், நாம் சொல்ல நாணுவது எதற்காக?

ஒட்டகத்தைக் கட்டிய பயணம்

அடுத்த பெரும் மாறுதல் கி.பி. 622இல் நிகழ்ந்த ஹிஜ்ரத். பிறந்த மண்ணைவிட்டு நீங்கும் வேளையில், மக்காவே தமக்கு மிக விருப்பமான பூமி என்றும், அங்கிருந்து வெளியேற்றப்பட்டிராவிட்டால் வேறெங்கும் குடியேறியிருக்க மாட்டேன் என்றும் அண்ணலார் (ஸல்) அவர்கள் அந்த ஊரைப் பார்த்துக் கூறினார்கள். இறைவனின் ஆணைப்படி செல்லும் பயணமேயாயினும் பிரிவின் துயரம் துயரமாகவே இருந்தது. அதை அவர்கள் மறைக்கவில்லை.

அப்பயணத்தின் ஏற்பாடுகளைப் பாருங்கள். அபூபக்கர் சித்தீக் (ரலி) அவர்கள் இரண்டு ஒட்டகங்களை நான்கு மாதங்கள் தழையிட்டு வளர்த்து ஆயத்தமாக வைத்திருந்தார்கள். மதீனா இருப்பது மக்காவுக்கு வடக்கே. ஆனால் இருவரும் முதலில் தெற்கே உள்ள தவ்ர் குகைக்குச் சென்று மூன்று இரவுகள் தங்கினார்கள். அபூபக்கர் (ரலி) அவர்களின் மைந்தர் அப்துல்லாஹ் பகலெல்லாம் மக்காவில் செய்தி திரட்டி இரவில் கொண்டுவந்தார். ஆமிர் பின் ஃபுஹைரா (ரலி) ஆடுகளை மேய்த்துவந்து பால் கொடுத்தார். அஸ்மா (ரலி) தம் இடைக்கச்சையைக் கிழித்து உணவுப் பையைக் கட்டிக் கொடுத்தார். வழி காட்டுவதற்கு, இஸ்லாத்தை ஏற்காத ஒருவரையே, அவர் பாதைகளை நன்கு அறிந்தவர் என்பதற்காகக் கூலிக்கு அமர்த்தினார்கள். ஊராரின் அமானிதப் பொருள்களை உரியவர்களிடம் ஒப்படைக்க அலீ (ரலி) அவர்களை மக்காவில் விட்டுச் சென்றார்கள்.

இறைவனின் காவல் உறுதி என்று அறிந்தவர்கள் இத்தனை ஏற்பாடு செய்வானேன்? ஒட்டகத்தைக் கட்டிவைத்துத் தவக்குல் வைப்பதா, அவிழ்த்துவிட்டுத் தவக்குல் வைப்பதா என்று பிற்காலத்தில் ஒருவர் வினவியபோது, கட்டிவிட்டுத் தவக்குல் வைக்குமாறு நாயகம் (ஸல்) அவர்கள் பணித்ததாகத் திர்மிதீயில் பதிவாகியுள்ளது. கயிற்றைக் கட்டுவது நம் கை; கட்டியபின் காப்பது இறைவனின் கை. கவலை மிகுந்தவர் செய்யும் தவறு என்னவென்றால், கட்டிய கயிற்றை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருப்பதுதான். தாழ்ப்பாளை ஒருமுறை போடுவது ஏற்பாடு. மூன்றாம் முறை எழுந்து சென்று தொட்டுப் பார்ப்பதில் தாழ்ப்பாளுக்கு எந்தப் பலமும் கூடிவிடாது, தூக்கம்தான் குறையும்.

தவ்ர் குகையின் வாயிலில் பகைவரின் காலடிகள் தெரிந்தபோது சித்தீக் (ரலி) அவர்கள் கலங்கினார்கள். நபிமார்களுக்கு அடுத்தபடியாக ஈமானில் உயர்ந்தவர் என்று உம்மத் முழுவதும் போற்றும் பெருந்தகை அவர். அவருடைய கலக்கத்தை நாயகம் (ஸல்) அவர்கள் ஈமானின் குறை என்று கடிந்துகொள்ளவில்லை. இறைவன் நம்முடன் இருக்கின்றான், வருந்த வேண்டாம் என்று அன்போடு ஆறுதல் கூறினார்கள். அந்த ஆறுதலைத் திருமறையின் தவ்பா அத்தியாயம் என்றென்றைக்குமாகப் பதிவு செய்துள்ளது. கலங்கியவரை இறைவன் இழிவுபடுத்தவில்லை என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

மதீனாவின் முதல் நாட்கள்

மதீனாவை அடைந்துவிட்டதும் எல்லாம் இனிதாகிவிட்டது என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். வரலாறு அவ்வாறு சொல்லவில்லை. அந்த ஊரின் தட்பவெப்பம் முஹாஜிர்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அபூபக்கர் (ரலி), பிலால் (ரலி) ஆகியோர் கடுங்காய்ச்சலில் விழுந்தனர். காய்ச்சல் சற்றே தணிந்த வேளைகளில் பிலால் (ரலி) அவர்கள் குரலெடுத்து மக்காவின் பள்ளத்தாக்கையும் அங்கு வளரும் இத்கிர் புல்லையும் நினைந்து ஏங்கிப் பாடினார்கள். சுடுமணலில் கிடத்தி வதைக்கப்பட்ட ஊர் அது! ஆயினும் அவ்வூரின் புல்லையும் மறக்க இயலவில்லை.

ஆயிஷா (ரலி) அவர்கள் இதனை நாயகம் (ஸல்) அவர்களிடம் தெரிவித்தபோது அவர்கள் செய்த துஆ சிந்தனைக்கு உரியது. மக்காவை மறக்கச் செய்வாயாக என்று கேட்கவில்லை. மக்காவை நேசிப்பது போல, அல்லது அதனினும் மேலாக, மதீனாவையும் எங்கள் நேசத்துக்கு உரியதாக்குவாயாக என்றே இறைஞ்சினார்கள். மாறுதலை ஏற்பது என்பதன் பொருள் இதுதான். பழையதை நெஞ்சிலிருந்து பிடுங்கி எறிய வேண்டியதில்லை. புதியதற்கு நெஞ்சில் ஓர் இடம் கொடுத்தால் போதும்.

அவ்விடத்தை எப்படிக் கொடுப்பது? அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்கள் காட்டிய வழியைப் பாருங்கள். மக்காவின் வணிகரான அவர் மதீனாவுக்கு வெறுங்கையுடன் வந்து சேர்ந்தார். அவருக்குச் சகோதரராக இணைக்கப்பட்ட ஸஅத் பின் ரபீஉ (ரலி) அவர்கள் தம் செல்வத்தில் பாதியை அளிக்க முன்வந்தார்கள். அவரோ அதனைப் பெற்றுக்கொள்ளவில்லை. அவருக்கு பரக்கத்துக்காக துஆ செய்துவிட்டு, கடைத்தெரு எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டார். கைனுகா கூட்டத்தாரின் சந்தைக்குச் சென்று, பாலாடைக் கட்டியும் நெய்யும் வாங்கி விற்கத் தொடங்கினார். நாளை என்ன ஆகும் என்ற கேள்வியை அவர் தமக்குள்ளே சுழலவிடவில்லை. இன்று செய்யக்கூடிய ஒரு சிறு வேலையைத் தேடிக்கொண்டார். தாம் முன்னரே அறிந்த தொழிலைப் புதிய ஊரில் சிறிய அளவில் தொடங்கினார் என்பதும் கவனிக்கத்தக்கது.

உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் ஆண்டுக் கணக்கு வகுக்கப்பட்டபோது, நாயகம் (ஸல்) அவர்களின் பிறப்போ முதல் வஹீயோ அதன் தொடக்கமாகவில்லை, ஹிஜ்ரத்தே தொடக்கமாயிற்று. ஊரை விட்டு ஊர் பெயர்ந்த அந்த நாட்களிலிருந்தே நம் காலம் கணக்கிடப்படுகிறது.

நாயகம் (ஸல்) கேட்ட கேள்வி

இனி, தூணருகே அமர்ந்திருந்தவரிடம் வருவோம். அவரைப் பற்றிக் கேள்வியுற்றபோது என் நினைவுக்கு வந்தது அபூதாவூத் நூலில் உள்ள ஒரு செய்தி.

ஒருநாள் நாயகம் (ஸல்) அவர்கள் பள்ளிவாசலுக்குள் நுழைந்தார்கள். அன்ஸாரிகளில் ஒருவரான அபூ உமாமா (ரலி) அங்கே அமர்ந்திருந்தார். தொழுகை நேரம் அல்லாத இந்நேரத்தில் இங்கே அமர்ந்திருப்பதற்குக் காரணம் என்ன என்று நாயகம் (ஸல்) அவர்கள் அவரிடம் கேட்டார்கள். தம்மைக் கவலைகளும் கடன்களும் சூழ்ந்துகொண்டுவிட்டன என்று அவர் கூறினார். காலையிலும் மாலையிலும் ஓதுமாறு ஒரு துஆவை நாயகம் (ஸல்) அவர்கள் அவருக்குக் கற்றுத் தந்தார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் அடிக்கடி ஓதிவந்த துஆ அது என்று அனஸ் (ரலி) அவர்களும் அறிவித்துள்ளார்கள்.

அதில் எட்டுத் தீமைகளிலிருந்து பாதுகாவல் தேடப்படுகிறது. முதலாவது 'ஹம்மு', இனி வரக்கூடியது பற்றிய கவலை. இரண்டாவது 'ஹஸன்', நடந்து முடிந்தது பற்றிய துயரம். அடுத்து இயலாமையும் சோம்பலும், கோழைத்தனமும் கஞ்சத்தனமும், இறுதியாகக் கடன் சுமையும் மனிதர்களின் அடக்குமுறையும். இவ்வரிசையைச் சற்றே எண்ணிப் பாருங்கள். கவலை முற்றினால் கை ஓய்கிறது, கை ஓய்ந்தால் சோம்பல் வருகிறது, துணிவு குன்றுகிறது, கொடுக்கும் மனமும் சுருங்குகிறது, கடைசியில் கடன்காரனுக்கு அஞ்சும் நிலை நேர்கிறது. கவலை என்பது தனித்து நிற்கும் ஒன்றன்று. பின்னால் ஒரு கூட்டத்தையே இழுத்துவருவது. அதனால்தான் அது துஆவில் முதலிடம் பெற்றது போலும்!

அந்த துஆவைப் போலவே அதற்கு முன் கேட்கப்பட்ட கேள்வியும் ஒரு ஸுன்னத்தே என்பதை நாம் மறந்துவிடுகிறோம். ஒருவர் பள்ளியில் தனித்து அமர்ந்திருந்தால் அவர் வணக்கத்தில் இருக்கிறார் என்று நாயகம் (ஸல்) அவர்கள் எண்ணிப் போய்விடவில்லை. அருகில் சென்று கேட்டார்கள். உம்மு ஸலமா (ரலி) அவர்களின் வரலாறும் இத்தகையதே. கணவர் மதீனாவுக்குச் சென்றுவிட, உறவினர்கள் அவர்களைத் தடுத்து, மழலையையும் பிரித்துவிட்டனர். ஏறத்தாழ ஓராண்டுக் காலம் நாள்தோறும் ஊருக்கு வெளியே சென்று அமர்ந்து மாலை வரை அழுதார்கள். உறவினர் ஒருவர் அவ்வழியே வந்து அந்த முகத்தைப் பார்த்தார், இரக்கம் கொண்டார், ஏனையோரிடம் பேசினார். வழி பிறந்தது. ஓராண்டுத் துயரம் நீங்குவதற்குக் காரணமாக அல்லாஹ் அமைத்தது, நின்று கவனித்த ஒரு மனிதரைத்தான்.

உள்ளத்துக்கும் மருத்துவம் உண்டு

கவலை அளவு கடந்து நோயாகிவிட்டால் அதற்கு மருத்துவமும் உண்டு. இது மேனாட்டார் புதிதாகச் சொல்லி நாம் கேட்டதன்று. கி.பி. 934இல் மறைந்த அபூ ஸைத் அல் பல்கீ என்னும் பேரறிஞர் 'மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்' என்ற நூலை எழுதினார். உடலின் நலமும் உள்ளத்தின் நலமும் என்பது அதன் பொருள். உடல் நோய்க்கு மருந்து சொல்லும் மருத்துவர்கள் உள்ளத்தின் நோய்களைக் கவனியாது விடுகின்றனரே என்று குறைப்பட்டு, கோபம், அச்சம், துயரம், ஓயாது அரிக்கும் வீணெண்ணம் ஆகியவற்றுக்குத் தனித்தனியே வழி கூறினார். துயரத்தில் காரணம் தெரிந்தது, காரணம் தெரியாதது என இருவகை உண்டு என்றும், பின்னதற்கு உடலே மூலமாக இருக்கலாம் என்றும் அன்றே பகுத்தார். நலமாக இருக்கும் நாட்களிலேயே தெளிவான எண்ணங்களை, வீட்டில் மருந்து வைத்திருப்பது போலச் சேமித்து வைக்க வேண்டும் என்பது அவருடைய அறிவுரை. மூடுபனியை முதன்முதலாகக் கண்ட பாலைவனத்து மனிதன் அதனைக் கடக்க முடியாத சுவர் என்று அஞ்சி நின்றானாம். உள்ளே நுழைந்த பிறகுதான் அதுவும் தான் சுவாசிக்கும் காற்றே என்று கண்டானாம். நாம் அஞ்சுபவற்றில் பெரும்பாலானவை இத்தகைய பனியே என்கிறார் பல்கீ.

இன்றைய மருத்துவமும் இதனையே விரித்துரைக்கிறது. பெரும்பாலான நாட்களில், ஆறு மாதங்களுக்கு மேலாக, அடக்க முடியாத கவலை நீடித்து, தூக்கமின்மை, களைப்பு, எரிச்சல், உடல் இறுக்கம் ஆகியவற்றோடு அன்றாட வேலையையும் கெடுக்குமானால் அதனைப் பதற்ற நோய் என்று மருத்துவர்கள் கணிக்கின்றனர். பேச்சு வழிச் சிகிச்சையும், தேவைப்படின் மருந்தும் நல்ல பயன் தருகின்றன. 2022 அக்டோபரில் இந்திய அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைத்து, தமிழிலேயே ஆலோசனை பெறலாம்.

எது இயல்பான கவலை, எது மருத்துவம் வேண்டும் கவலை என்று ஐயுறுவோர், மேற்சொன்ன துஆவையே அளவுகோலாகக் கொள்ளலாம். நம் கையை வேலையில் ஈடுபடுத்தும் கவலை தீங்கானதன்று. கையைக் கட்டிப்போட்டு இயலாமையில் தள்ளும் கவலைக்குத் துஆவும் வேண்டும், மருத்துவரும் வேண்டும். சிகிச்சை செய்துகொள்ளுங்கள் என்று ஏவியவர்கள் நம் நாயகம் (ஸல்) அவர்களே. சர்க்கரை நோய்க்கு மருந்துண்பவரை ஈமான் குறைந்தவர் என்று எவரும் சொல்வதில்லை. உள்ளத்தின் நோய்க்கு மட்டும் அவ்வாறு சொல்வது எவ்வகையில் நியாயம்?

தூணருகே அமர்ந்திருப்பவர்

அபூ உமாமா (ரலி) அவர்களின் செய்தியை அவரிடம் நான் சொன்னபோது, நெடுநேரம் அவர் பேசவில்லை. "சஹாபி ஒருவரும் இப்படித்தான் பள்ளியில் உட்கார்ந்திருந்தாரா?" என்று மட்டும் கேட்டார். அன்றிரவு மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். அந்த அம்மையாரோ வியப்படையவில்லை. "ஒவ்வோர் இரவும் தாழ்ப்பாள் சத்தம் எனக்கும் கேட்கத்தான் செய்கிறது. நீங்களாகச் சொல்வீர்கள் என்று ஓராண்டாகக் காத்திருக்கிறேன்" என்றாராம். ஒரே வீட்டில் இருவர், ஒருவருக்கொருவர் தெரியாமல் விழித்திருந்திருக்கின்றனர்!

இருவரும் சேர்ந்தே மனநல மருத்துவரிடம் சென்று வந்தனர். 26 ஆண்டுகள் பண்டகசாலைக் கணக்கு எழுதிய கை இப்போது மதரஸாவின் கணக்கை எழுதுகிறது. ஒரு சிறு மளிகைக் கடைக்காரரும் மாதந்தோறும் தம் பேரேட்டை அவரிடம் கொண்டுவருகிறார். இன்னமும் சில இரவுகளில் அவருக்கு விழிப்பு வருகிறது. அப்போது அந்த துஆவை ஓதிவிட்டுப் படுத்துக்கொள்கிறார். தாழ்ப்பாளைப் பார்க்க வேண்டும் என்று தோன்றும் இரவுகளும் உண்டு; ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறாராம்.

இன்று வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்ததும் செருப்பைத் தேடி விரையுமுன் ஒரு கணம் திரும்பிப் பாருங்கள். யாரேனும் தூணருகே தனித்து அமர்ந்திருக்கக்கூடும். ஸலாம் சொல்லி அருகில் அமருங்கள். "என்ன காக்கா, இந்நேரத்தில் இங்கே?" என்று அன்போடு கேளுங்கள். வீட்டிலுள்ள தாய்மார்களும் அடுப்படியிலும் அண்டை வீட்டுத் திண்ணையிலும் வாடிய முகம் கண்டால் இவ்வாறே கேளுங்கள். அந்தக் கேள்விக்காகவே ஒருவர் நெடுநாளாகக் காத்திருக்கலாம்.

வருங்காலக் கவலையிலிருந்தும் கடந்தகாலத் துயரத்திலிருந்தும் நம் அனைவரையும் வல்ல நாயன் காத்தருள்வானாக! ஆமீன்.